மேனேஜருக்கு ஆகாத செடிகள்

டப்பா செய்யும் தொழிற்சாலையில் அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. சேஃப்டி என்றுதான் கூப்பிடுவார்கள். தகரம் வெட்டும் இயந்திரத்துக்கு விரலும் தகரமும் ஒன்றுதான். அந்த விரல்களைக் காப்பாற்றுவது அவர் உத்தியோகம். காலையில் அட்டையில் செருகிய தாளும் பேனாவுமாகக் கிளம்புவார். தடுப்புக் கம்பி இருக்கிறதா, டிக். நிறுத்தும் பட்டன் வேலை செய்கிறதா, டிக். கையுறை, டிக். முப்பத்தொரு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அவர் விடுப்பில் இருந்த ஒரே ஒரு நாளில் ஒருவருக்குக் கட்டைவிரல் நுனி போனது. லேசான கீறல் என்று எழுதிவிடச் சொல்லி மேலிடத்தில் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார்கள். முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார். யார் தவறு என்று எழுதாத அறிக்கை அறிக்கையே இல்லை என்பது அவர் கட்சி. நல்ல மனிதர்தான். கூட இருப்பவர்களுக்குத்தான் கொஞ்சம் கஷ்டம்.

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. பேனாவுக்கு வேலை இல்லாமல் மனிதர் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். அடுப்புக் குழாயைச் சோதித்தார், மாடிக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார், மனைவி நாற்காலி மேல் ஏறி நின்று ஒட்டடை அடித்தால் கீழே வந்து நின்றுகொண்டு பிரசங்கம் செய்தார். அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் மேனேஜர் வந்து சேர்ந்தார்.

மேனேஜர் என்பது அவருடைய அக்காவின் நாய். பழுப்பு நிறம், ஒரு காது நிற்கும், ஒரு காது படுத்திருக்கும். பிறத்தியார் வேலை செய்யும் இடத்தில் போய் நின்று மேற்பார்வை பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு தொழில் கிடையாது என்பதால் அக்கா வைத்த பெயர் அது. அந்தப் பெயரை வைத்துவிட்ட பிறகு வந்தது, போனது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வந்தார், சாப்பிட்டார், தூங்குகிறார் என்றுதான் குடும்பமே பேசியது.

அக்கா தொலைபேசி நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் அவளும் மேனேஜரும் ஒன்பது வருஷமாகக் குடித்தனம். நாற்பத்திரண்டு படி. அந்தப் படியில்தான் ஒரு நாள் காலை சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, நடக்கப் பழக்கும் விடுதியில் சேர்த்தார்கள். நாற்பத்திரண்டு படியைத் தானாக ஏறிக் காட்டினால்தான் வீட்டுக்கு அனுப்புவோம் என்று அங்கே கறாராகச் சொல்லிவிட்டார்கள். இந்த வயதில் இந்த எலும்பு முறிவில் படுத்தவர்களில் பாதிப் பேர் எழுவதில்லை, மனசு வைத்தால் எழலாம் என்று பயிற்சி கொடுக்கும் பெண் சேஃப்டியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அக்காவின் மனசு எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாதா?

"தம்பி, எனக்கு எதுவும் வேண்டாம்டா. அவனைப் பத்திரமா பாத்துக்கோ. நான் வந்து கூட்டிக்கிறேன்."

"பத்திரத்தைப் பத்தி எங்கிட்டயா சொல்றே?" என்றார் சேஃப்டி. அக்கா சிரித்துவிட்டாள்.

அன்றே மேனேஜரைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். நோய் எதுவும் இல்லை. சும்மா ஒரு சோதனை. டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, "வீட்டுல தோட்டம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றதும் மேஜை இழுப்பறையில் இருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். நாய்களுக்கு விஷமாகும் செடிகள். இருபத்தைந்து. ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு சின்னக் கட்டம்.

கட்டத்தைப் பார்த்ததும் சேஃப்டிக்கு எட்டு மாதத்து இளைப்பு தீர்ந்துபோனது.

தோட்டம் அவருடையது அல்ல, மனைவியுடையது. இருபது வருஷமாக அவள் கை பட்டு வளர்ந்தது. மறுநாள் காலை கையுறை, மண்வெட்டி, கறுப்புப் பை சகிதம் சேஃப்டி இறங்கினார். முதலில் அரளி. வீடு கட்டி முடித்த வாரம் வைத்தது, கூரை உயரம் வளர்ந்து கொத்துக் கொத்தாகப் பூத்துக்கொண்டிருந்தது. அடியோடு வெட்டி, வேரைத் தோண்டி, உதிர்ந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் கட்டினார். அடுத்தது வாசலில் பனை மாதிரி ஓலை விரித்து நின்ற சைக்கஸ். பன்னிரண்டு வருஷத்துச் செடி. அதன் வேரைப் பெயர்க்க மட்டும் ஒரு நாள் பிடித்தது. வேலி ஓரத்து உண்ணிச்செடி போனது. மேனேஜர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு காதை நிமிர்த்திக்கொண்டு எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தார்.

கடைசியில் கற்றாழைத் தொட்டியைத் தூக்கியபோது மனைவி வெளியே வந்தாள்.

"கத்தாழை கூடவா?"

"பதினெட்டாவது நம்பர்."

"உங்க அக்கா ரெண்டு மாசத்துல வந்து நாயைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. இந்த அரளி திரும்பி வருமா?"

"உயிர் சமாச்சாரத்துல ரிஸ்க் எடுக்கக் கூடாது."

"நீங்க என்னையும் ஒரு மெஷினாதான் பாக்கறீங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அப்புறம் பேசவில்லை. சாப்பாடு மேஜைக்கு வந்தது, சத்தம் வரவில்லை.

சேஃப்டி தாளை முடித்தார். தோட்டத்தில் இல்லாத செடிகளையும் விடவில்லை. ஊமத்தை, இல்லை, டிக். ஆமணக்கு, இல்லை, டிக். இருபத்தைந்து டிக் ஆன தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். சாயந்திரம் அக்காவுக்குப் போன் செய்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். அக்கா வயிறு வலிக்கச் சிரித்தாள். "பாவம்டா அவ, அவளோட செடியெல்லாம் புடுங்கிட்டியே," என்றாள். பிறகு, "இன்னிக்குக் கம்பியைப் பிடிச்சுட்டு பதினோரு அடி நடந்தேன். மேனேஜர் காத்துட்டிருக்கார்னு சொன்னேன். நான் இன்னும் வேலையில இருக்கேன்னு நினைச்சுட்டா அந்தப் பொண்ணு," என்றாள்.

மூன்று வாரம் போனது. அக்கா ஊன்றுகோலுக்கு வந்துவிட்டாள். மனைவி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்தபடியே இருந்தாள். தோட்டத்தில் மிஞ்சியது ஆறு ரோஜாச் செடி. அவை லிஸ்டில் இல்லை. ஆனால் அரளியின் நிழல் போனதில் வெயில் அடித்து வாடியிருந்தன. அவள் தினமும் காலையில் அவற்றின் எதிரே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாள். சமையலறை ஜன்னல் வழியாக சேஃப்டி அதைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கேட்கத் தெரியாத மனிதர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். கடைக்குப் போய் ஏதோ ஒன்றை வாங்கி வந்தார்.

நர்சரிக்காரர் கொடுத்தது ஒரு மூட்டை உரம். இயற்கை உரம், ரசாயனம் ஒரு பொட்டுகூட இல்லை, பத்தே நாளில் துளிர் விடும் என்றார். சேஃப்டி படிக்காமல் எதையும் வாங்குகிறவர் இல்லை. மூட்டையைத் திருப்பி வைத்துப் படித்தார். ஆமணக்குப் புண்ணாக்கு, எலும்புத் தூள். புண்ணாக்கு மாடு தின்பதுதானே! ரசாயனத்துக்குத்தானே பயப்பட வேண்டும்? தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒவ்வொரு செடியின் தூரைச் சுற்றியும் மண்ணைக் கொத்திவிட்டு, இரண்டு இரண்டு கை உரம் போட்டு, மூடி, தண்ணீர் விட்டார். மனைவி கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க, வேர் கருகிடும்," என்றாள். மூன்று வாரத்தில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது. சேஃப்டிக்குச் சின்னப் பையன் மாதிரி சந்தோஷம். மத்தியானம் இரண்டு பேரும் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். பின்கதவைத் திறந்தே விட்டுவிட்டு, மேனேஜர் தோட்டத்தில் தன் இஷ்டத்துக்கு உலாத்த, அவர் கண்ணயர்ந்தார். இனி அந்தத் தோட்டத்தில் பயப்பட என்ன இருக்கிறது?

எழுந்து பார்த்தபோது இரண்டு செடியின் தூர் தோண்டிக் கிடந்தது. மேனேஜரின் மூக்கெல்லாம் மண். "அடேய்!" என்று அதட்டிவிட்டு மண்ணைத் தள்ளி மூடினார். சாயந்திரம் அக்காவிடம், "உன் மேனேஜர் சர்வீஸ்லயே முதல் தடவையா வேலை செஞ்சிருக்கார், ரெண்டு குழி தோண்டிட்டார்," என்றார். அக்கா பக்கத்துக் கட்டில்காரியிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் எழவில்லை. படுத்த இடத்திலேயே வாந்தி எடுத்திருந்தார். எழுப்பி நிறுத்தினால் பின்கால் மடங்கியது. சேஃப்டி வாரி எடுத்துக்கொண்டு ஓடினார்.

"தோட்டத்துல ஏதாவது செடியைக் கடிச்சிருக்குமா?" டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சான்ஸே இல்ல டாக்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நீங்க குடுத்த லிஸ்டை இருபத்தஞ்சும் டிக் பண்ணி ஒட்டி வச்சிருக்கேன். போட்டோ இருக்கு, பாருங்க." போனை நீட்டினார். அந்தத் தாளை அவ்வளவு நிச்சயமாக யாரும் டாக்டரம்மாவிடம் திருப்பிக் காட்டியதில்லை போலிருக்கிறது. அவர் மேற்கொண்டு அந்தப் பக்கம் போகவில்லை. வயிற்றுப் புண்ணாக இருக்கலாம், ஏதாவது கிருமியாக இருக்கலாம் என்று ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, சாயந்திரம் வீட்டுக்கு அனுப்பினார். அக்கா போனில் கேட்டபோது, "வயிறு கொஞ்சம் சரியில்ல, டாக்டர்கிட்ட காட்டியாச்சு," என்றார் சேஃப்டி. அது பொய் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ரத்தமாகப் போனது. மறுபடி ஓட்டம். டாக்டரம்மா ஈறைத் தூக்கிப் பார்த்தார். வெளுத்திருந்தது. சட்டென்று நிமிர்ந்து கேட்டார்.

"செடிக்கு உரம் ஏதாவது போட்டீங்களா?"

"போட்டேன். இயற்கை உரம்தான். ஞாயித்துக்கிழமை."

"என்ன உரம்?"

சொன்னார். ஆமணக்குப் புண்ணாக்கு என்று சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவருக்குத் தாள் ஞாபகம் வந்தது. ஒன்பதாவது நம்பர். ஆமணக்கு, இல்லை, டிக். செடி இல்லைதான். கொட்டையை ஆட்டி, எண்ணெயை எடுத்துவிட்டு, விஷத்தை அப்படியே விட்ட சக்கையைக் காசு கொடுத்து வாங்கி, நாய்க்குப் பிடித்த எலும்புத் தூளோடு சேர்த்து, தன் கையால் புதைத்துவைத்து, கதவையும் திறந்துவிட்டவர் அவர்தான். ஊரில் எந்த அசட்டையான மனிதன் வீட்டிலும் மேனேஜர் பிழைத்திருப்பார். அரளிக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருப்பார்.

"நேத்தே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "முறிவு மருந்துன்னு ஒண்ணு இதுக்கு இல்ல சார். என்னால முடிஞ்சதைப் பாக்கறேன்."

முடிந்ததை எல்லாம் பார்த்தார். சேஃப்டி எவர்சில்வர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேனேஜர் வலியில் முனகினார். நடுநடுவே கதவு திறக்கும் போதெல்லாம் தலையைத் தூக்கி யார் வருகிறார்கள் என்று பார்த்தார். வந்தது அவர் தேடிய ஆள் இல்லை. தலையைத் திரும்ப வைத்துக்கொண்டார். மத்தியானம் இரண்டே முக்காலுக்குப் பிறகு தூக்கவில்லை.

சைக்கஸ் இருந்த இடம் காலியாகத்தான் கிடந்தது. அங்கேயே புதைத்தார்கள். மனைவி அழுதுகொண்டே மண் தள்ளினாள். மீதி உரத்தை அவளே மூட்டையோடு கட்டி, குப்பை வண்டிக்காரரிடம் விஷம் என்று சொல்லிக் கொடுத்தாள். பிறகு உள்ளே வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க. இப்ப அக்காகிட்ட சொல்லாதீங்க. அவங்க நடந்து வீட்டுக்குப் போகட்டும். நல்லா இருக்குன்னு சொல்லி வைப்போம். அப்புறம் வயசாயிடுச்சு, தூக்கத்துலயே போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"பொய் ரிப்போர்ட்டா?"

"ரிப்போர்ட்டுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. அவங்க மனுஷி."

"என்னால முடியாது."

"உங்களால முடியாதுங்கறதுதான் எனக்குத் தெரியுமே," என்றாள் மனைவி. கோபத்தில் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள்.

அன்று சாயந்திரம் அக்காவிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. சேஃப்டி எடுக்கவில்லை. நேரில் சொல்வதுதான் முறை என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு விடுதியின் பயிற்சிக் கூடத்துக்குப் போனார். நீளமான கூடம், சுவர் ஓரமாகக் கம்பிகள், மூலையில் பழகுவதற்கென்று மரத்தில் செய்த படிக்கட்டு. அக்கா அதன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு. அவரைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள்.

"இருபதுடா! நாலு படியை அஞ்சு தடவை. நடுவுல உக்காரவே இல்ல. இவளைக் கேளு."

பயிற்சி கொடுக்கும் பெண் ஆமாம் என்று தலையாட்டினாள். "இப்படியே போனா இன்னும் ரெண்டு வாரம் சார், அனுப்பிடலாம்," என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போனாள்.

அந்த இடத்தில் திரும்பிப் போயிருக்கலாம். வாங்கி வந்த பழத்தைக் கொடுத்துவிட்டு, சபாஷ் சொல்லிவிட்டு, பஸ் ஏறியிருக்கலாம். கட்டைவிரல் நுனி போன மனிதனுக்குக் கீறல் என்று எழுதுவதும் இதுவும் ஒன்றல்ல என்று அவருக்கு யார் எடுத்துச் சொல்வது? சேஃப்டி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வழியெல்லாம் மனசுக்குள் எழுதி வைத்திருந்ததை வரிசையாகச் சொன்னார். மேனேஜர் இறந்துவிட்டார் என்று முதலில். பிறகு நர்சரி, மூட்டை, ஞாயிற்றுக்கிழமை, திறந்த கதவு, திங்கட்கிழமை டாக்டரம்மா கேட்டது, தான் போனை நீட்டியது, அதனால் வீணாய்ப் போன ஒரு நாள். எதையும் விடவில்லை, எதையும் குறைக்கவில்லை. "முழுக்க முழுக்க என் தப்புக்கா," என்று முடித்தார். சொல்லி முடித்ததும், வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டுமானால், நெஞ்சு கொஞ்சம் லேசானது.

அக்கா வியர்வையைத் துடைக்க எடுத்த துண்டு மடியிலேயே கிடந்தது.

"வலிச்சுதாடா அவனுக்கு?"

"வலிச்சுதுக்கா."

"என்னைத் தேடினானா?"

சேஃப்டி தரையைப் பார்த்தார். "கதவு தொறக்கறப்ப எல்லாம் பாத்தார்."

அக்கா மெதுவாகத் தலையை ஆட்டினாள். "ஞாயித்துக்கிழமை நீ சொன்னப்ப நான் சிரிச்சேனே. குழி தோண்டினான்னு சொன்னே. அவன் அதைத் தின்னுட்டு நின்னப்ப நான் இங்க உக்காந்து எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சிட்டிருந்தேன்."

"உனக்கு எப்படிக்கா தெரியும்? உன் மேல என்ன..."

"தெரியாமதான் இருந்தேன். இப்ப தெரியவச்சுட்டியே." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும். "வயசாயிடுச்சு, தூக்கத்துல போயிட்டான்னு சொல்லியிருக்கலாமேடா. நான் நம்பியிருப்பேன். ஒன்பது வயசு ஆச்சே, போகட்டும்னு அழுதிருப்பேன். அழுது முடிச்சிருப்பேன். உனக்குப் பாரம் தாங்கல. கொண்டாந்து என் மடியில எறக்கி வச்சுட்டே."

"மறைக்கக் கூடாதுன்னுதான்க்கா..."

"யாருக்காக?"

சேஃப்டி தன்னையே முப்பத்தொரு வருஷம் கேட்காத கேள்வி அது.

பயிற்சி கொடுக்கும் பெண் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. "என்னம்மா, மூச்சு வாங்கிட்டீங்களா? இன்னும் ரெண்டு தடவை ஏறிடலாமா?" என்றாள்.

அக்கா படிக்கட்டைப் பார்த்தாள். நாலு படி, மேலே போனால் ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் இறங்க வேண்டியதுதான்.

"எதுக்கும்மா?" என்றாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. சேஃப்டியைப் பார்த்தாள். அக்காவும் அவர் பக்கம் திரும்பினாள். கோபம் எதுவும் அந்த முகத்தில் இல்லை, சின்ன வயதில் அவரை எழுப்பி விடும்போது இருக்கும் அதே முகம்தான், ஆனால் கண் அவர் மேல் இல்லை.

"தம்பி, இந்த ஷூவைக் கழட்டி விடு. எனக்குக் குனிய முடியாது."

சேஃப்டி தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, நாடாவை அவிழ்த்து, முதலில் இடது காலையும் பிறகு வலது காலையும் விடுவித்தார்.